டிராப் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகாமல் ஓட்டுவது எப்படி: குமரி மாவட்டத்தில் புதிதாக ரோடு சைக்கிள் எடுத்தவர்களுக்கு

கீழே வளைந்த டிராப் ஹேண்டில்பார் உள்ள ரோடு சைக்கிள் வாங்கிய புதிதில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர். கால் தாங்கும், மூச்சும் தாங்கும். கைதான் தாங்காது. பாதி வழியிலேயே சுண்டுவிரலில் ஊசி குத்துவது போலத் தொடங்கி, வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது விரலில் உணர்வே இல்லாமல் இருக்கும். எனக்கு மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. ஒரு கடையில் ஜெல் வைத்த கிளவுஸ் வாங்கச் சொன்னார்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார்கள் கூட ஓட்டுகிறவர்கள். கிளவுஸும் வாங்கினேன், பழகியும் பார்த்தேன். தீரவில்லை. கடைசியில் தீர்ந்தது பெரும்பாலும் காசு செலவில்லாத சில மாற்றங்களால்.

அந்த மாற்றங்களை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம். கை வலிக்கிறது என்றதும் ஹேண்டில்பாரை மாற்றக் கிளம்பினால் காசும் போகும், வலியும் போகாது.

1. எந்த விரல் மரக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை இது. சைக்கிளில் கைவைக்க வேண்டாம், போனில் ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும் மரத்தால் அல்னார் நரம்பு நசுங்குகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஏறுமே, அதே நரம்புதான். அது உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக நுழைகிறது. அந்த இடத்தை ஹேண்டில்பாரில் (சுருக்கமாக, பார்) அழுத்திச் சாய்ந்து ஓட்டினால் மரக்கும்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு நெடுநேரம் மேல்நோக்கி மடங்கியிருப்பதும், உள்ளங்கையின் நடு அடிப்பகுதியில் எடை விழுவதும் இதற்குக் காரணம். பெரும்பாலும் ஹூட்டின் (பிரேக் லிவருக்கு மேலே கை வைக்கும் ரப்பர் பகுதியின்) சாய்வு சரியில்லாத வண்டியில் இது வரும்.

ஒரு கை மட்டும் மரத்தால் இரண்டு ஹூட்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரல் மரக்காமல் கழுத்தும் தோள்பட்டையும் மட்டும் வலித்தால் பார் தூரமாகவோ தாழ்வாகவோ அகலமாகவோ இருக்கலாம்.

எந்த விரல், எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு, கை அப்போது எங்கே இருந்தது, எந்த ரோடு: இந்த நான்கையும் எழுதி வையுங்கள். பின்னால் மெக்கானிக்கிடம் போனாலும் டாக்டரிடம் போனாலும் அவர்கள் கேட்கப்போவது இவற்றைத்தான்.

2. பாரைத் தொடும் முன் சீட்டைச் சரிசெய்யுங்கள்

கையில் விழும் எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சீட்டுதான். இதை நம்பவே எனக்கு நெடுநாள் ஆனது. தேவையானவை 4, 5, 6 மி.மீ. ஆலன் கீகள் (அறுகோணச் சாவிகள்), ஒரு இஞ்ச் டேப், போன். அரைமணி நேரம் போதும்.

முதலில் சாய்வு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து, அதன் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறங்கள். முன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் ஒவ்வொரு நொடியும் முன்னால் வழுக்குகிறீர்கள், அதைத் தடுத்துக்கொண்டிருப்பது உங்கள் கைகள். உட்காருமிடம் வலிக்கிறது என்று பலர் மூக்கைக் கீழே இறக்கிவிடுவார்கள். உட்காருமிடத்து வலி குறைந்து கையில் வலி ஏறும். மட்டமாக வைத்துத் தொடங்குங்கள். அப்புறம் தேவையென்றால் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் இயல்பாகவே ஒரு மடிப்பு வந்துவிடும்.

மூன்றாவது, சீட் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், ஹூட்டில் கைவைத்துச் சாதாரண வேகத்தில் மிதித்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் ரப்பரை விட்டு அரை அங்குலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். கையை விரிக்க வேண்டாம், அப்படியே மேலே நிறுத்தினால் போதும். உடனே முன்னால் விழுவது போல இருந்தால் சீட் முன்னால் இருக்கிறது. 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். பின்னால் தள்ளும்போது பெடலுக்கான தூரமும் கூடும் என்பதால் சீட்டை ஒன்றிரண்டு மி.மீ. இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பவும் ஓட்டிப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பின்னால் போகப் போகக் கைக்குச் சுகம் என்று சீட்டைக் கடைசி வரை தள்ளிவிட்டால், பார் உங்களுக்கு எட்டாமல் போகும், முழங்காலின் பின்பக்கமும் பிடிக்கும். ஒரு முறைக்கு 5 மி.மீ. தான். ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று ஓட்டமாவது கொடுங்கள். மாற்றுவதற்கு முன் சீட்டின் பழைய இடத்தை டேப் ஒட்டிக் குறித்து, ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

3. கை வைக்க எத்தனை இடம் இருக்கிறது, எதை எங்கே பயன்படுத்துவது

டிராப் பாரின் பயனே கையை மாற்றி மாற்றி வைக்கலாம் என்பதுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு இறுகிப்போகிறார்கள்.

ஹூட்: பிரேக் லிவருக்கு மேலே ரப்பர் உறை போட்ட பகுதி. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் கழிய வேண்டும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை ஹூட்டின் பின்வளைவில் உட்காரட்டும். ஒன்றோ இரண்டோ விரல் லிவர் மேல் இருக்கட்டும். பிரேக்கும் கியரும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். வடசேரி, கோட்டார், மார்த்தாண்டம் மாதிரி பஸ்ஸும் ஆட்டோவும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாத இடங்களில் ஹூட்டை விட்டுக் கையை எடுக்காதீர்கள்.

மேல் பார்: ஸ்டெமின் (பாரை வண்டியோடு இணைக்கும் குட்டைப் பாகத்தின்) இரு பக்கமும் நேராகப் போகும் பகுதி. உடம்பு நிமிரும், நெஞ்சு விரியும். மெதுவாக ஏற்றம் ஏறும்போது இது நல்ல இடம். பேச்சிப்பாறைப் பக்கம், கீரிப்பாறைப் பக்கம் ஏறும்போது இங்கே பிடித்து முழங்கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் இங்கிருந்து பிரேக் எட்டாது. விலை குறைந்த சில வண்டிகளில் மேல் பாரிலும் ஒரு கூடுதல் பிரேக் லிவர் இருக்கும்; அது இருந்தாலொழிய, நெரிசலிலும் இறக்கத்திலும் மேல் பாரைப் பிடிக்கவே கூடாது.

மூலை: மேல் பார் முன்னால் வளைந்து ஹூட்டை நோக்கி இறங்கும் இடம். பலரும் கவனிக்காத இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கை உள்ளே திரும்பாமல், கைகுலுக்க நீட்டுவது போல இயல்பாக நிற்கும். மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கும். காலியான ரோட்டில் ஹூட்டிலிருந்து இங்கே, இங்கிருந்து ஹூட்டுக்கு என்று மாறிக்கொண்டே இருக்கலாம்.

டிராப்: கீழே வளைந்த பகுதி. இதைப் பந்தயக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இறக்கத்தில் பாதுகாப்பான இடம் இதுதான். இங்கிருந்து லிவரின் நுனிப்பக்கத்தைப் பிடிப்பதால் குறைந்த பலத்தில் நன்றாகப் பிரேக் பிடிக்கும். பள்ளத்தில் விழுந்தாலும் கை நழுவாது. சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் வண்டியில், மழை ஈரத்தில், கல்குளம் விளவங்கோடு பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளில் இறங்கும்போது கை இங்கேதான் இருக்க வேண்டும். முழங்கையை மடித்து வையுங்கள், உடம்பை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். முதுகை மட்டும் வளைத்துக் கீழே எட்டினால் எடை முழுவதும் கையில்தான் விழும்.

எதிர்க்காற்றுக்கும் டிராப்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்றை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் டிராப்பில் நெடுநேரம் இருக்க முடியாதவர்கள், இரண்டு நிமிடம் டிராப், ஐந்து நிமிடம் ஹூட்டில் முழங்கை மடக்கி என்று மாற்றி மாற்றி வாருங்கள். பக்கவாட்டில் காற்று வீசும் இடத்தில் மட்டும் மேல் பாரைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே கைகள் நெருங்கி இருப்பதால் வண்டி எளிதில் ஆடும்.

முன்கைகளை மேல் பாரில் படுக்க வைத்து ஓட்டும் வீடியோக்களைப் பார்த்து இளைஞர்கள் செய்துபார்க்கிறார்கள். அது வேண்டாம். பிரேக்கும் இல்லை, திருப்பும் பிடிமானமும் இல்லை. சாலைப் பந்தயங்களிலேயே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2021 ஏப்ரலிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுவது? மரத்த பிறகு மாற்றினால் தாமதம். சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று பழக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலம், ஒவ்வொரு சிக்னல், ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் இடம் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் மணி பார்க்க வேண்டியதில்லை. நம்மூரில் வேகத்தடைக்குப் பஞ்சமும் இல்லை.

4. பிடிக்கும் விதம்

முழங்கை பூட்டிய மாதிரி நேராக இருந்தால் ரோட்டின் ஒவ்வொரு அதிர்வும் தோள் வரை ஏறும். லேசாக மடங்கியே இருக்கட்டும். தோளைக் காதுப் பக்கம் தூக்காதீர்கள். ஹூட்டில் இருக்கும்போது விரலால் பியானோ வாசிக்க முடிகிறதா என்று அவ்வப்போது அசைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

பெருவிரல் எப்போதும் பாரையோ ஹூட்டையோ சுற்றியே இருக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் போதும், கை நழுவிவிடும்.

மணிக்கட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நீங்களே பார்க்க முடியாது. வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மெதுவாக, பலமில்லாமல் மிதிக்கும்போது கையில் எடை கூடும். பெடலில் அழுத்தம் கொடுத்தால் கால் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், கை லேசாகும். அதனால்தான் வேகமாக ஓட்டும் நாளில் கை வலிக்காமல், பேசிக்கொண்டே சாவகாசமாகப் போகும் நாளில் வலிக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் அடிக்கடி எழுந்து நின்று சில மிதி மிதியுங்கள்.

5. ஹூட்டைத் திருப்பி வைப்பது

இது வீட்டிலேயே செய்யலாம், ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் பாரைச் சுற்றியிருக்கும் டேப்பைக் கழற்ற வேண்டிவரும். பழைய டேப் கிழிய வாய்ப்பு உண்டு என்பதால், புது டேப் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் இரு ஹூட்டுகளின் இடத்தையும் மார்க்கர் பேனாவால் பாரில் குறித்துவிடுங்கள். பின்பக்கத்து ரப்பரை மெல்ல மடித்தால் வெளிப்பக்கமாக ஒரு போல்ட் தெரியும், பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ. அதைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஹூட் பாரின் மேல் நகரும். மேல் பாரின் சரிவும் ஹூட்டின் மேற்பகுதியும் பள்ளம் மேடு இல்லாமல் ஒரே ஓட்டமாக வருவதே தொடக்கத்துக்கு நல்ல இடம். கீழே சாய்ந்திருந்தால் கை முன்னால் வழுக்கும். அதிகமாக மேலே தூக்கினால் மணிக்கட்டு மடங்கும், டிராப்பிலிருந்து லிவர் எட்டாமல் போகும். லேசாக, சில டிகிரி மட்டும், உள்பக்கம் திருப்பி வைப்பதும் பலருக்குச் சுகமாக இருக்கிறது.

இரண்டும் ஒரே உயரமா என்று பார்க்க நீளமான ஸ்கேலை இரு ஹூட்டுகளின் மேல் குறுக்கே வைத்து, முன்னால் போய் நின்று பாருங்கள். பிறகு இறுக்குங்கள். போல்ட்டின் இறுக்க அளவு லிவரின் கையேட்டில் இருக்கும். இறுக்கிய பின் முழு எடையையும் ஹூட்டில் போட்டு அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. கார்பன் பார் என்றால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி) இல்லாமல் தொடவே வேண்டாம்.

விரல் சிறியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல லிவர்களில் லிவரைப் பாருக்கு அருகில் கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். டிராப்பில் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் கணுவால் லிவரைச் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும். ஸ்க்ரூவைத் திருகிய பின், லிவர் பாரில் முட்டாமல் பிரேக் முழுதாகப் பிடிக்கிறதா என்று நிறுத்தியே சோதியுங்கள்.

6. பாரை உயர்த்துவது, கிட்டே கொண்டுவருவது

சீட்டும் ஹூட்டும் சரியாகி, அதன் பிறகும் கை வலித்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

ஸ்டெமுக்கு மேலே வளையங்கள் இருந்தால் அவற்றை ஸ்டெமுக்குக் கீழே மாற்றிப் பாரை உயர்த்தலாம். அடுத்தது ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது. 7 டிகிரி, 100 மி.மீ. ஸ்டெமைத் திருப்பினால் பார் சுமார் 2 செ.மீ. உயரும், அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக உங்கள் பக்கமும் வரும். இரண்டுக்கும் செலவு இல்லை.

வேலை வரிசையைத் தவறவிடாதீர்கள். முதலில் ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு மேல் மூடியைக் கழற்ற வேண்டும். திருப்பிப் போடும்போது முதலில் மேல் மூடி, அதுவும் முன்சக்கரத்தை அசைத்தால் தட்டுவது நிற்கும் அளவுக்கு லேசாக. அப்புறம் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்க அளவு ஸ்டெமிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். முடித்ததும் பாரை இடக்கடைசிக்கும் வலக்கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் கேபிள் இழுபட்டால் புதுக் கேபிள் தேவை. ஓட்டுவதற்கு முன் முன்சக்கரத்தை இரு முழங்காலுக்கு நடுவில் பிடித்துப் பாரைத் திருகுங்கள். ஸ்டெம் நழுவினால் இறுக்கம் போதவில்லை. இதெல்லாம் புரியவில்லை என்றால் தயங்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டியைத் திருப்பும் பாகம், இதில் சோதனை முயற்சி வேண்டாம்.

இன்னும் எட்டவில்லை என்றால் 1 செ.மீ. குட்டையான ஸ்டெம் வாங்கிப் போடலாம். 70 மி.மீ.க்குக் கீழே போக வேண்டியிருந்தால் ஃபிரேம்தான் உங்களுக்குப் பெரிது. வாங்குவதற்கு முன் உங்கள் பாரின் விட்டத்தைப் பாருங்கள். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் 31.8 மி.மீ., பழையவற்றில் 25.4 அல்லது 26. மாறி வாங்கினால் பொருந்தாது.

7. பாரின் அகலம்

தோளின் இரு முனை எலும்புகளுக்கு நடுவிலுள்ள தூரமே தொடக்க அளவு. அது 38 செ.மீ. என்றால் 38 பார். கடையில் வரும் வண்டிகளில் 42 சாதாரணம், ஒல்லியான தோள் உள்ளவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் அது அகலம். கை விரிந்து, மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிந்து, சுண்டுவிரல் பக்கத்தில் எடை விழும். அளவைச் சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கும், சில வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும் சொல்கின்றன. 2 செ.மீ. வித்தியாசம் அதிலேயே வந்துவிடும், கேட்டு வாங்குங்கள். புதியவர்கள் கீழிறக்கம் (மேல் பாரிலிருந்து டிராப் வரையுள்ள ஆழம்) 120 முதல் 130 மி.மீ. உள்ள பாரைக் கேளுங்கள், டிராப் எட்டும் தூரத்தில் இருக்கும்.

8. டயர் காற்று, டேப், கிளவுஸ்

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம். அந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 75 முதல் 80 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிப் பாருங்கள். 110 அடித்துக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் போய்விட்டு ஹேண்டில்பாரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஃபிரேமில் இடம் இருந்தால் 28 அல்லது 32 மி.மீ. டயருக்கு மாறுவது, அதிர்வைக் குறைக்க நான் பார்த்ததிலேயே பலனுள்ள செலவு. அளவு காட்டும் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் 2.5 முதல் 3.5 மி.மீ. தடிமன் வரை கிடைக்கும். ரொம்பத் தடிமனாகப் போனால், சின்னக் கை உள்ளவர்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், அது திரும்பவும் வலியில் முடியும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோர ரோட்டில் ஓட்டுகிறவர்கள் டேப்பை வருடத்துக்கு ஒரு முறையாவது பிரித்துப் பாருங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் டேப்புக்கு உள்ளே அலுமினியப் பாரை அரிக்கும். வெள்ளைத் தூள் துடைத்தால் போய்விடும்; குழி விழுந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ பாரை மாற்றியே ஆக வேண்டும்.

கிளவுஸ் வியர்வைக்கும் விழும்போது கையைக் காப்பதற்கும் நல்லது. தடித்த ஜெல் சில கைகளில் நரம்பின் மேலேயே அழுத்தும். போட்டுக்கொண்டு ஹூட்டைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

9. செலவும் பில்லும்

விலை கடைக்குக் கடை மாறும், ஒரு மதிப்புக்கு மட்டும் சொல்கிறேன். ஆலன் கீ செட் 150 முதல் 400 ரூபாய். டேப் 300 முதல் 1,200. அலுமினிய ஸ்டெம் 500 முதல் 1,500. அலுமினியப் பார் 800 முதல் 2,500. ஸ்டெம் மாற்றி டேப் சுற்றக் கூலி 200 முதல் 500. தொழில்முறையாக உடலளவு பார்த்து வண்டியைப் பொருத்தித் தருகிறவர்களிடம் போனால் சில ஆயிரங்கள் ஆகும், திருவனந்தபுரத்துக்கோ அதைவிடத் தூரமான ஊருக்கோ போகும் செலவு தனி. சீட்டும் ஹூட்டும் சரிசெய்த பிறகும் வலி தீராதவர்களுக்கு அது வீண் செலவல்ல. அப்படிப் போனால் அளவுகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள், அடுத்த வண்டிக்கும் அது பயன்படும்.

ஆன்லைனில் ஸ்டெம், பார் வாங்கினால் திருப்பி அனுப்பும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். பில்லையும் பெட்டியையும் அந்தத் தேதி வரை வைத்திருங்கள். போல்ட் தழும்பு விழுந்த பொருளைத் திருப்பி எடுப்பது கடினம் என்பதால், இறுக்குவதற்கு முன் அளவைச் சரிபாருங்கள்.

10. ஓட்டிப் பார்க்க ரோடுகள்

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில் சோதிப்பதுதான் சரி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம், வெயிலும் வண்டி நெரிசலும் இருக்காது. ஹூட்டையும் மூலையையும் பழக, பூதப்பாண்டிப் பக்கத்து வயலோர ரோடுகள் நல்லவை, பெரும்பாலும் சமம். கை மாற்றிப் பழக, தக்கலையிலிருந்து குலசேகரம் வழியாகத் திற்பரப்பு வரை போங்கள்; ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் மேல் பார், ஹூட், டிராப் மூன்றும் தானாகவே தேவைப்படும். டிராப்பில் பிரேக் பிடித்துப் பழகாமல் பெரிய இறக்கத்துக்குப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புது மாற்றம் எதையும் சோதிக்க வேண்டாம்.

200 கி.மீ. பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட நினைப்பவர்களுக்கு மொத்த நேரம் 13 மணி 30 நிமிடம். 40 கி.மீ.யில் லேசாக மரக்கும் கை அதில் என்ன ஆகும் என்று யோசித்து, கைப் பிரச்சினையை முடித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

11. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

இறங்கிய கொஞ்ச நேரத்தில் உணர்வு திரும்பினால் மேலே சொன்ன வேலைகள் போதும். மறுநாளும் மரத்திருந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். விரல்களை விரித்துச் சேர்க்க முடியவில்லை, சாவி திருப்ப முடியவில்லை, கையில் சதை வற்றியது போல இருக்கிறது, இரவில் மரத்து விழிப்பு வருகிறது என்றால் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்றால் காலையிலேயே போய்விடுவது நல்லது. முதல் படியில் எழுதிய குறிப்பையும், இருந்தால் சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். இந்த இரண்டு கோளாறுகளிலும் கை நரம்பு எளிதில் பாதிக்கப்படும். நரம்பு வேகத்தை அளக்கும் சோதனை எழுதிக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

12. இனிமேல்தான் வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால்

கடையில் ஏறி உட்கார்ந்து, ஹூட்டைப் பிடித்து, முழங்கை மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்காமல் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு சைஸ் சின்ன ஃபிரேமைக் கேளுங்கள். ஸ்டாக் இல்லை என்று பெரிய சைஸைத் தலையில் கட்டப் பார்த்தால் காத்திருங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். ஸ்டெமை வைத்துச் சரிசெய்ய ஓர் எல்லை உண்டு. ஸ்டெம் அளவை மாற்றித் தரச் சொல்வதென்றால் பில் போடும் முன் சொல்லுங்கள், அப்போது பல கடைகளில் கூடுதல் காசு கேட்க மாட்டார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் குழாயை வெட்ட வேண்டாம், வளையங்கள் எல்லாம் ஸ்டெமுக்குக் கீழேயே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு முறை வெட்டிய குழாயை நீட்ட முடியாது. பில்லில் ஃபிரேம் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள். முதல் சர்வீஸுக்குப் போகும்போது ஹூட் சாய்வையும் சீட் மட்டத்தையும் குறித்த போட்டோவைக் கொண்டுபோங்கள். சர்வீஸில் கழற்றி மாட்டும்போது இரண்டும் பெரும்பாலும் மாறித்தான் வரும், கடையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.